ராஜா எழுதிக்கொடுத்த வசனம்

வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தை எப்படிச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கையேடு உண்டு. அதை உருவாக்கியவர் பதினான்காம் லூயி. ஆமாம், ராஜாவேதான். 1689-க்கும் 1705-க்கும் இடையில் அதற்கு ஆறு வடிவங்கள். எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த நீரூற்றை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்று வரிசையாகக் கட்டளைகள். இலக்கிய நயம் தேடிப் படித்தால் தூக்கம் வரும்.

ராஜா போய் முந்நூறு வருஷம் ஆகிவிட்டது. கட்டளை இன்னும் அமலில் இருக்கிறது என்பதுதான் என் புகார்.

ஆபீஸ் வேலையாகப் பாரிஸ் போனபோது, ஒரு தனியார் டூரில் சேர்ந்து வெர்சாயைப் பார்த்தேன். கைடு கெட்டிக்காரர். கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள் என்று மூச்சுவிடாமல் சொன்னார். தோட்டத்தில் ராஜா நடந்துவரும்போது ஆட்கள் விசில் அடிப்பார்களாம். அவர் நெருங்கும் நீரூற்றைத் திறந்துவிட்டு, தாண்டிப் போனதும் மூடிவிடுவார்களாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டத் தண்ணீர் போதாது. கூட்டம் சிரித்தது, நானும்தான். நம்ம தொழிலில் இதற்கு டெமோ என்று பேர். கிளையன்ட் பார்க்கிற ஸ்கிரீன் மட்டும் வேலை செய்தால் போதும்.

ஆனால் தண்ணீர் ஏன் போதவில்லை, அதற்கு என்ன செய்தார்கள்? அந்தக் கேள்விக்குள் கைடு போகவில்லை. கதையே அங்கேதான் இருக்கிறது.

வெர்சாய் பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. முதலில் மார்லி என்ற இடத்தில், சேன் நதியில் ஓர் இயந்திரம் வைத்தார்கள். 14 ராட்சதச் சக்கரங்கள், இருநூற்றுக்கும் மேற்பட்ட பம்புகள். 1684-இல் ஓட ஆரம்பித்தது. அதுவும் போதவில்லை. அடுத்த வருஷமே எர் நதியைக் கால்வாய் வெட்டி வெர்சாய்க்குக் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் மண் வெட்டினார்கள். சதுப்பு நிலக் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1688-இல் போர் வந்ததும் வேலை நின்றது, பிறகு தொடரவே இல்லை. எர் நதியிலிருந்து ஒரு சொட்டுகூட வெர்சாய்க்கு வந்து சேரவில்லை. மேந்தெனோன் என்ற ஊரில் அந்தக் கால்வாய்ப் பாலத்தின் மொட்டை வளைவுகள் இன்றைக்கும் நிற்கின்றன.

ராஜாவின் கையேட்டில் இதற்கு இடம் இருக்காது. சரி, அவர் ராஜா. இன்றைய டூரில் ஏன் இடம் இல்லை?

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "ஜாலியா சுத்திப் பாக்க வந்த இடத்துல பிணக்கணக்கு எதுக்குங்க?" நியாயமான பதில் மாதிரிதான் தெரியும். ஆனால் அதே டூரில் மரி அந்த்வானெத்தின் தலை 1793-இல் கில்லட்டினில் விழுந்த கதையை ரசித்து ரசித்துச் சொல்கிறார்கள். கூட்டமும் 'அச்சச்சோ' போடுகிறது. ஆகச் சாவு பிரச்சினை இல்லை. யாருடைய சாவு என்பதுதான் பிரச்சினை.

இன்னொரு பதில்: "அந்தக் காலத்துல எல்லா ராஜாவும் அப்படித்தான்." அந்தக் காலத்து மனிதர்களே இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மதாம் த செவிஞே பிரபு குலத்துப் பெண், புரட்சிக்காரர் இல்லை. வெர்சாய் கட்டட வேலையில் செத்தவர்களை இரவோடு இரவாக வண்டி வண்டியாக ஏற்றிப்போகிறார்கள், மற்றத் தொழிலாளிகள் மிரளாமல் இருக்க அதை மறைக்கிறார்கள் என்று 1678-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். எல்லாருக்கும் சகஜமான விஷயம் என்றால் ராத்திரியில் ஏன் ஏற்ற வேண்டும்?

ஆதாரம் இல்லை என்றும் தப்பிக்க முடியாது. ராஜாவின் கட்டட வேலைக் கணக்குகள் அச்சிலேயே இருக்கின்றன. வேலையில் அடிபட்டவனுக்கு எவ்வளவு, செத்தவன் மனைவிக்கு எவ்வளவு என்று அவற்றில் பதிவாகியிருக்கிறது. அன்றைய குமாஸ்தா எழுதிவைத்ததைக்கூட இன்றைய டூர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தோட்டத்தை வெறுக்கச் சொல்லவில்லை. லெ நோத்ர் பெரிய கலைஞர். மேல்படியில் நின்று பார்த்தால் புல்வெளியும் நீண்ட நீர்வழியும் வானத்தில் போய் முட்டுகிற மாதிரி கண்ணை ஏமாற்றியிருக்கிறார். அங்கே நின்று நானும் வாயைப் பிளந்தேன். உண்மையைச் சொன்னால் அந்த அழகு குறையாது. பார்க்கிறவனுக்கு எதன் எதிரில் நிற்கிறோம் என்பது புரியும், அவ்வளவுதான்.

கைடு மேல் எனக்குக் கோபம் இல்லை. தொண்ணூறு நிமிஷத்தில் முப்பது பேரை இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய வேலை அவருடையது. கோபம் அந்த வசனத்தின் மேல், அதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு செல்ஃபிக்குத் திரும்பும் நம் மேலும். ராஜா போட்ட பாதையையே வைத்துக்கொள்ளட்டும், மூன்று வாக்கியம் சேர்த்தால் போதும். மேல்படியில், இதைக் கட்டும்போது செத்தவர்களைப் பற்றி ஒன்று. நீரூற்றின் முன்னால், மார்லியைப் பற்றி ஒன்று. நீர்வழியின் கரையில், வந்துசேராத ஆற்றைப் பற்றி ஒன்று. இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

அவர்களாகச் சேர்க்க மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். நீங்கள் போகும்போது, நீரூற்று பீய்ச்சி அடிக்கும் நேரத்தில் கையைத் தூக்கிக் கேளுங்கள்: "இந்தத் தண்ணிக்கு யார் குழி வெட்டினாங்க?"