குளிர்ச்சியில் கரையும் கலோரி எவ்வளவு?

திருவனந்தபுரத்தின் ஆரியசாலை, சாலைக் கடைத்தெருவை ஒட்டிய பகுதி. இந்த வட்டாரத்தில் காலையில் பழங்கஞ்சி குடித்துவிட்டு மூட்டை தூக்கப் போனவர்கள் ஏராளம். அன்று உடம்பில் தெம்பு ஏறக் குடித்த அதே கஞ்சியை இன்று உடம்பு இளைக்கவும் குடிக்கச் சொல்கிறார்கள். குளிர்ந்ததைச் சூடாக்க உடல் கலோரியை எரிக்குமாம்.

காரணம் பொய்யல்ல, கணக்குத்தான் இடிக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்றும் வெப்பமே ஒரு கிலோ கலோரி. 5 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரை உடலின் 37 டிகிரிக்குக் கொண்டுவர 16 கிலோ கலோரி போதும். ஓர் இட்லியில் இருப்பதில் பாதிகூட இல்லை.

அந்தப் பதினாறும் முழுதாகச் செலவுக் கணக்கில் ஏறாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் வெப்பத்தை உண்டாக்கி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் தள்ளுவதுதான் பெரும்பாடு. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். ஆகவே குளிர்ந்த தண்ணீர் குடித்தால், வீணாகப் போகவிருந்த வெப்பமே அதில் ஏறிக்கொள்ளும். முப்பது மில்லிக்கும் குறைவான வியர்வை மிச்சமாகும், அவ்வளவுதான்.

அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் வளர்சிதை வேகம் 30 சதவீதம் கூடுகிறது என்று 2003இல் பெர்லின் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2006இல் சுவிட்சர்லாந்தில் சோதித்தபோது, 3 டிகிரித் தண்ணீருக்கே 4.5 சதவீத ஏற்றம்தான் தெரிந்தது. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை.

பழங்கஞ்சியில் இருக்கும் ஆறிய சோற்றுக்கு வேறொரு பெருமை உண்டு. சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் எளிதில் செரிக்காததாக மாறுகிறது. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைப்பதால் கிராமுக்கு 4க்குப் பதில் ஏறத்தாழ 2 கிலோ கலோரிதான் நமக்குக் கிடைக்கும். மறுபடி சூடாக்கினாலும் அது பெருமளவு நீடிக்கும்; ஆகவே இதில் வேலை செய்வது உண்ணும்போது உள்ள குளிர்ச்சி அல்ல. 2015இல் கொழும்பைச் சேர்ந்த சுதைர் ஜேம்ஸும் புஷ்பராஜா தவராஜாவும், தேங்காய் எண்ணெய் சேர்த்து வேகவைத்த சோற்றை 12 மணி நேரம் குளிரூட்டி இந்த மாவுச்சத்தைக் கூட்டிக் காட்டினார்கள். கலோரி பாதியாகலாம் என்ற அவர்களின் ஊகம், பாதியாகிவிட்டது என்று தலைப்புச் செய்தியானது. அதே ஆண்டு வந்த இந்தோனேசிய ஆய்வில், 100 கிராம் வெள்ளைச் சோற்றில் 0.64 கிராமாக இருந்த அந்த மாவுச்சத்து, ஒருநாள் குளிரூட்டிச் சூடாக்கியபின் 1.65 கிராமானது. சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும் அளவு ஓரளவு தணிந்தது. நீரிழிவுக்காரருக்கு அது பயன்தான். கலோரியில் மிச்சமோ சுமார் இரண்டு.

பழங்கஞ்சியால் எடை குறைந்தவர்கள் இருந்தால், தண்ணீர் வயிற்றை நிறைத்ததில் சோறு குறைவாகப் போயிருக்கும். தொட்டுக்கொள்ள ஒரு தட்டு மரச்சீனிக் கிழங்கும் வந்துவிட்டால் அந்தக் கணக்கும் போயிற்று.