ஆக்கவுரிமைப் பத்திரம் பிரேக் பிடிக்காது

"விபத்தைத் தடுக்கும் புதிய பிரேக்: இளைஞருக்கு ஆக்கவுரிமை கிடைத்தது." இவ்வகைத் தலைப்புகளைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கிறோம். இலங்கையில் ஆக்கவுரிமை என்றும் தமிழகத்தில் காப்புரிமை என்றும் சொல்லப்படுகின்ற அந்தப் பத்திரம் கிடைத்துவிட்டால், அந்தப் பொருள் நன்றாக வேலை செய்கிறது என்று அரசாங்கமே முத்திரை குத்திவிட்டதாக நிருபர் எழுதுகிறார், ஆசிரியர் பிரசுரிக்கிறார், வாசகரும் நம்புகிறார். ஒரு குடைக்கோ தேங்காய் துருவிக்கோ இப்படி எழுதினால் பெரிய கேடு ஒன்றும் விளையாது. ஆனால் பிரேக் விடயத்தில், அதிலும் மலையகத்தின் இறக்கங்களில் ஓடும் வாகனத்தின் பிரேக் விடயத்தில், இந்த மயக்கம் உயிரோடு விளையாடுவதாகும்.

2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு, நானுஓயா றதல்ல குறுக்குவழியில் கொழும்பிலிருந்து பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று எதிரே வந்த வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு பேர் மாண்டனர். பஸ்ஸின் பிரேக் செயலிழந்ததாகவே அப்போது செய்திகள் வந்தன. 2025 மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டாவது விபத்துக்குப் பிரேக்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மலைப்பாதையில் ஒரு சிறு பிழைக்கும் மன்னிப்பில்லை என்பதற்காகவே இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். இத்தகைய ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ கராஜ் வைத்திருக்கும் யாரேனும் ஒருவர், "இதற்கு ஒரு வழி செய்ய முடியாதா" என்று யோசிக்கத் தொடங்குவார். அந்த யோசனைக்கு என் வணக்கம். ஆனால் அந்த யோசனை ஆக்கவுரிமை அலுவலகத்தின் வாசலை அடையும்போது என்ன நேர்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

டிஸ்க் பிரேக்கின் பிஸ்டனையே எடுத்துக்கொள்வோம். (பஸ்களிலும் லொறிகளிலும் பெரும்பாலும் காற்றழுத்தத்தால் இயங்கும் டிரம் பிரேக்குகளே உள்ளன, நான் சொல்வது வான், கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றைப் பற்றி.) சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் தட்டை இரு பக்கமும் இருந்து கவ்விப் பிடிப்பதே டிஸ்க் பிரேக். இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலேயப் பொறியியலாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். எனினும் 1953ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றி பெற்ற பின்னர்தான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. ஆக்கவுரிமை பெற்ற எண்ணத்துக்கும் சாலையில் நம்பி ஓட்டக்கூடிய பொருளுக்கும் இடையே அரை நூற்றாண்டு கிடந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

பிஸ்டன் பார்ப்பதற்கு ஒரு சிறு உலோகக் கிண்ணம், அவ்வளவுதான். நாம் மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயின் அழுத்தம் அதைத் தள்ளுகிறது, அது பிரேக் பேடைத் தட்டின்மீது அழுத்துகிறது. அழுத்தம் நீங்கியதும் அதைச் சற்றே பின்னுக்கு இழுப்பது ஒரு ஸ்பிரிங் அன்று. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுடைய ரப்பர் வளையம். பிஸ்டன் முன்னே போகும்போது அந்த வளையம் முறுகி வளைகிறது, விட்டதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகையில் பிஸ்டனையும் கூடவே இழுத்து வருகிறது. இவ்வளவு எளிய தந்திரத்தில் உலகத்தின் கோடிக்கணக்கான வாகனங்கள் நின்றுகொண்டிருக்கின்றன.

இவற்றைத் தவிர பிஸ்டனுக்கு இன்னொரு வேலை உண்டு. மலையகத்துக்கு முக்கியமானது அதுதான். பேடிலே பிறக்கும் சூட்டை எண்ணெய்க்குப் போகாமல் தடுக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் உயர வேறுபாடு 1,300 மீற்றருக்கும் அதிகம். இரண்டு தொன் எடையுள்ள ஒரு வான் 1,000 மீற்றர் மட்டும் இறங்குவதாகக் கணக்கிட்டாலும், அப்போது வெளிப்படும் சக்தி 20 பாகையிலுள்ள ஏறத்தாழ 58 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினும் காற்றும் அதில் ஒரு பங்கை ஏற்கும். சாரதி கியரைக் குறைக்காமல் மிதியிலேயே காலை வைத்து இறங்கினால் மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில்தான். டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. அதே எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிய நிலையில் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. பனியும் மழையும் ஓயாத ஊரிலே எண்ணெய் ஈரம் குடிக்காமல் இருக்குமா? எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவி அமுங்கும், ஆகையால் அழுத்தம் பிஸ்டனுக்குப் போய்ச் சேராது. மிதி தரைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் சாரதி மிதிப்பது வெறும் காற்றை.

ஆகவே ஹட்டன் மெக்கானிக் ஒருவர் இப்படி யோசிப்பதாக வைத்துக்கொள்வோம்: பிஸ்டனின் விளிம்பு முழுவதும் பேடைத் தொடுவதால்தான் சூடு ஏறுகிறது. விளிம்பிலே பள்ளங்கள் வெட்டி, மூன்று இடங்களில் மட்டும் தொடும்படி செய்தால் என்ன? நல்ல யோசனை. உண்மையில், மிக நல்ல யோசனை. அதனால்தான் அது அவருக்கு முன்பே பலருக்குத் தோன்றியிருக்கிறது. பந்தய வண்டிகளின் பிஸ்டன்களில் விளிம்பைக் குறைத்துக் காற்றோட்டம் விடும் வழக்கம் உண்டு. சூட்டைக் கடத்தாத பினோலிக் பிசினால் வார்த்த பிஸ்டன்கள் பல ஆண்டுகளாக அமெரிக்கக் கார்களில் ஓடியிருக்கின்றன. அவை ஈரத்தில் உப்பிச் சிக்கிக்கொண்ட கதையும் அத்துறையினர் அறிந்ததே.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒரு கண்டுபிடிப்பிடம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. புதியதா? அத்துறையில் பயின்ற ஒருவருக்கு இயல்பாகத் தோன்றிவிடாத ஆக்கப் படி அதில் இருக்கிறதா? கைத்தொழிலில் பயன்படுத்தக் கூடியதா? புதியதா என்பதற்கு அளவுகோல் ஹட்டனன்று, இலங்கையுமன்று, முழு உலகம். ஜப்பானிய மொழியில் எழுதப்பட்டு ஒருவருமே தயாரிக்காமல் கிடக்கும் ஒரு பழைய ஆவணமும் நமது மெக்கானிக்கின் விண்ணப்பத்தைச் சாய்த்துவிடப் போதும். விண்ணப்பதாரர் முந்தைய ஆக்கங்களைப் பற்றிய தேடல் அறிக்கையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அல்லது உள்ளூர்ப் பரிசோதகரிடம் அனுப்பும்படி கேட்டுப் பணம் கட்ட வேண்டும்.

இந்த மூன்று கேள்விகளில் "றதல்ல இறக்கத்தில் இது நிற்குமா" என்ற கேள்வி எங்கே இருக்கிறது? எங்குமில்லை. பரிசோதகர் கலிப்பரைத் திறந்து பார்ப்பதில்லை. வானை மலையுச்சிக்கு ஏற்றி இறக்குவதில்லை. அவர் முன்னால் இருப்பவை எழுத்தும் வரைபடமும் மட்டுமே. இதை அவருடைய குறையாகச் சொல்ல மாட்டேன். அது அவருடைய வேலையே அன்று. உலகத்தின் எந்த ஆக்கவுரிமை அலுவலகமும் அதைச் செய்வதில்லை. பத்திரம் சொல்வது "இது இன்னாருடையது, விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு வேறெவரும் அனுமதியின்றிச் செய்யக் கூடாது" என்பதை மட்டுமே. பூட்டி ஓட்டலாம் என்று அது சொல்லவேயில்லை.

அந்த உரிமையும் மறுக்க முடியாத ஒன்றன்று. மலையகத் தோட்டப் பாதைகளில் தினமும் காணும் இரண்டு பெயர்கள், பஜாஜ், டிவிஎஸ். இரட்டைப் பொறிச் செருகி எஞ்சினுக்குப் பஜாஜ் பெற்றிருந்த 195904 இலக்கக் காப்புரிமையை மீறியதாக டிவிஎஸ் நிறுவனத்தின் 'ஃபிளேம்' மோட்டார் சைக்கிள் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2008 பெப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதத்தில் இருவர் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் விற்பனைக்கு வழிவிட்டு, விற்றவற்றுக்குக் கணக்கு வைக்கச் சொல்லி, இத்தகைய வழக்குகளை விரைந்து முடிக்கும்படி கீழ் நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தியது. 2019இல்தான் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. பன்னிரண்டு ஆண்டுகள்! கோடிகளைக் கையாளும் நிறுவனங்களுக்கே இந்தக் கதி என்றால், கராஜ்காரரின் பத்திரத்தை ஒரு பெரிய நிறுவனம் பொருட்படுத்தாமல் போனால் அவர் எந்த வழக்கறிஞரிடம் போவார்?

ஆக்கப் படி என்ற இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. பாத்திரங்களைக் கடைவதற்காகப் பிடித்து வைக்கும் ஒரு கருவியைப் பற்றிய பிஷ்வநாத் பிரசாத் வழக்கில், 1978 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், பட்டறைத் திறனால் விளையும் சாதாரணத் திருத்தம் கண்டுபிடிப்பாகாது என்று கூறிக் காப்புரிமையை ஏற்க மறுத்தது. 2007 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், கார் மிதி ஒன்றைப் பற்றிய வழக்கில், ஏற்கெனவே தெரிந்த உறுப்புகளை எதிர்பார்த்த பயனுக்காக இணைப்பது உரிமைக்கு உரியதன்று என்ற பொருள்படத் தீர்ப்பளித்தது. சட்டமாக இது சரிதான். ஆனால் பட்டறைக்காரன் என்ற முறையில் யோசித்துப் பார்த்தால், அவனுக்குக் கைவந்த திறமை முழுவதும் "சாதாரணம்" என்ற பெட்டிக்குள் போய்விடுகிறது.

மலையகத்துக்கு இது புதிய அனுபவமன்று. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, கொழுந்தை அவருடைய பங்களா விறாந்தையில் மேசைகள்மீது கையால் உருட்டினார்கள். எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. பின்னர் உருட்டும் இயந்திரங்கள் வந்தன. அசாமில் வில்லியம் ஜாக்சனும் பெல்பாஸ்டில் 'சிரோக்கோ' உலர்த்தியின் சாமுவேல் டேவிட்சனும் காப்புரிமைகளைக் குவித்துப் பெயரும் பொருளும் ஈட்டினார்கள். அவர்கள் திறமைசாலிகளே, அதை மறுப்பது நேர்மையன்று. எனினும் இயந்திரம் எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ அந்தக் கைகளின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. இன்று அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள் ஸ்பானர் பிடிக்கிறார்கள். இவர்களுடைய பெயராவது பத்திரத்தில் ஏற வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதனாலேயே பொய்யான நம்பிக்கையை அவர்களுக்கு விற்கக் கூடாது என்கிறேன்.

சரி, விளிம்பில் பள்ளம் வெட்டிய நமது பிஸ்டனில் உரிமைக்கு உரியது ஒன்றுமே மிஞ்சாதா? மிஞ்சலாம். குறிப்பிட்ட ஒரு வடிவத்தில், குறிப்பிட்ட ஒரு கோணத்தில் வெட்டினால் ஒருவரும் எதிர்பாராத அளவுக்கு எண்ணெயின் சூடு குறைகிறது என்று காட்ட முடிந்தால், பரிசோதகர் அதைத் தள்ளிவிடுவது எளிதன்று. ஆனால் அதைக் காட்ட அளவுகள் வேண்டும்: இத்தனை தடவை பிரேக் பிடித்தபோது எண்ணெயின் சூடு இத்தனை பாகை, பழைய பிஸ்டனில் இத்தனை, புதியதில் இத்தனை. விளிம்பைக் குறைத்ததால் பேட் வளைகிறதா, ஓரம் தேய்கிறதா, பிஸ்டன் சாய்ந்து ரப்பர் வளையத்தைக் கிழிக்கிறதா என்பவையும் எழுதப்பட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், பாதுகாப்புக்குத் தேவைப்படும் அளவுகளும் இவையே. அளக்காத பிஸ்டன் நல்ல ஆக்கவுரிமையுமன்று, நல்ல பிரேக்குமன்று.

அளப்பதற்கு வழி ஹட்டன் கராஜில் இல்லை. ஆனால் மலையடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஒன்றிலுள்ள கருவியும் மற்றதிலுள்ள மாணவரும் சந்திப்பதற்கு ஒரு பஸ் பயணத் தொலைவே குறுக்கே நிற்கிறது. தேர்தல் மேடைகளில் மலையகத்துக்குப் பல்கலைக்கழகம் கேட்கும் தலைவர்கள், அதற்கு முன்னதாக மாதம் ஒரு சனிக்கிழமையேனும் இந்தச் சந்திப்பை ஏற்படுத்திக் கொடுத்தால் என்ன? அதற்கு அடிக்கல்லும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் தனியார் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வருடாந்த அனுமதிப்பத்திரம் பெறப் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். பிரேக் சான்றிதழ் கேட்பதில்லை. புகையைச் சோதிக்கும் அதே நிலையத்தில் பிரேக் எண்ணெயிலுள்ள ஈரத்தையும் பார்த்துவிடலாம். அதற்கான கருவி ஒரு பேனாவின் அளவுதான். புதிய பிஸ்டன் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சீர்திருத்தம் இது.

கண்டுபிடிப்போடு காத்திருக்கும் இளைஞருக்கு ஓரிரு வார்த்தைகள். பணம் கட்டுமுன் நீங்களே தேடிப் பாருங்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் 'எஸ்பேஸ்நெட்' இணையத்தில் இலவசம். டிஸ்க் பிரேக் சம்பந்தமான ஆவணங்கள் பெரும்பாலும் சர்வதேச வகைப்பாட்டில் 'எஃப் 16 டி' என்ற பிரிவில் இருக்கின்றன. ஆங்கிலம் தடையென்றால் படங்களை மட்டும் பாருங்கள். பிஸ்டனின் வெட்டுமுகம் எந்த மொழியிலும் ஒன்றுதான், உங்கள் கண்ணுக்கு அது பொறியியற் பட்டதாரியின் கண்ணைவிட வேகமாகப் புலப்படும். உங்களுடையதைப் போன்ற படம் கிடைத்தால் மனம் உடைய வேண்டாம். கட்டணம் மிச்சம், அந்த ஆவணத்தின் காலம் கடந்திருந்தால் அதை நீங்களே செய்யவும் தடையில்லை. கிடைக்காவிட்டால் நாள் கடத்தாமல் விண்ணப்பியுங்கள். அதுவரை எந்தக் கண்காட்சி மேசையிலும் பிஸ்டனை வைக்காதீர்கள். என்னைப் போன்ற பத்திரிகைக்காரன் எவனாவது கமெராவோடு வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.