நகரமில்லாத நகரநிலம்

ஒரே ஒரு சொல்லுக்காகத் தலையங்கத்தைச் செலவழிக்கலாமா என்று ஆசிரியர் குழுவில் கேட்டோம். குழு என்பது மூன்று பேர். ஒருவர் வேண்டாம் என்றார், ஒருவர் ஊரில் இல்லை. ஆகவே எழுதுகிறோம்.

சென்ற மாதம் சக இதழ் ஒன்றில் காலனிய நிலவரைபடங்கள் பற்றி இருபது பக்கக் கட்டுரை வந்தது. அயர்லாந்தின் கிராமப்புறப் பங்குகளை (பாரிஷ்களை) ஆங்கிலேய அளவையாளர்கள் அளந்து, பெயர் மாற்றி, அழித்தார்கள் என்பது அதன் சாரம். அதில் ‘டவுன்லேண்ட்’ என்ற சொல் பதினேழு இடங்களில் ‘நகரநிலம்’ என்று வருகிறது. எண்ணினோம். பிழையைச் சுட்டிக் கடிதம் போட்டோம். சொல் பொருட்டல்ல, கோட்பாடே பொருட்டு என்று பதில் வந்தது. இந்தப் பதில்தான் உறங்கவிடவில்லை.

டவுன்லேண்டில் நகரம் கிடையாது. பல இடங்களில் வீடுகூடக் கிடையாது. சதுப்பும் காற்றும் மட்டும் இருக்கும். பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்றால் வேலி சூழ்ந்த மனை. அந்த வேலிதான் சொல்லில் மிச்சம். அயர்லாந்தின் நிலப்பிரிவுகளில் ஆகச் சிறியது இது. பல டவுன்லேண்டுகள் சேர்ந்தால் பங்கு, பங்குகள் சேர்ந்தால் பேரனி, அதற்கு மேல் கவுண்டி. தீவு முழுவதும் 60,000-க்கும் அதிகமான டவுன்லேண்டுகள் உண்டு. சராசரி முந்நூறு சொச்சம் ஏக்கர் என்பார்கள், ஆனால் அந்தச் சராசரியை நம்பி யாரும் நடக்க முடியாது. ஒன்று சில ஏக்கரில் முடியும். மேயோவின் சதுப்பில் இன்னொன்று ஏழாயிரம் ஏக்கரைத் தாண்டும்.

ஏன் இந்த ஏற்றத்தாழ்வு என்று கட்டுரையாளர் ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். பரப்பளவு அங்கே அளவுகோலாக இருந்ததில்லை. நிலம் என்ன தரும் என்பதுதான் அளவு. நல்ல மண் கொஞ்சம் இருந்தாலே ஓர் அலகு ஆகிவிடும், கெட்ட மண் மலையளவு வேண்டும். அல்ஸ்டரின் ஒரு பகுதியில் அலகின் பெயர் ‘பாலிபோ’. அந்த ‘போ’ பசு. மன்ஸ்டரில் ஏர்க்கணக்கு. மேய்ச்சலில் ஒரு வளர்ந்த மாட்டுக்கு வேண்டிய பங்கு ‘கொலப்’. கேவனில் ‘போல்’, மொனகனில் ‘டேட்’. கவுண்டி எல்லையைத் தாண்டினால் சொல் மாறும், கணக்கும் மாறும். மொனகனின் ஃபார்னி பேரனியை எசெக்ஸ் பிரபுவுக்காகத் தாமஸ் ராவன் 1634-ல் அளந்தபோது அவர் கையில் கிடைத்தவை இந்த டேட்டுகள்தாம். இன்றைய டவுன்லேண்டுகள் பல அவற்றின் பிள்ளைகள். படம் வரைய வந்தவனுக்கு முன்பே எல்லை இருந்தது. நாம் சொல்ல வந்தது இவ்வளவே, ஆனால் இதோடு நிற்க மனமில்லை.

வரைபடம் அப்பாவி என்று வாதாடவில்லை. 1650-களில் கிராம்வெல் பறித்த நிலத்தைப் பங்குபோட வில்லியம் பெட்டி நடத்தியதற்கு ‘டவுன் சர்வே’ என்று பெயர். இந்த ‘டவுன்’ நகரமன்று, தாளில் கீழே இறக்கி வரைந்த அளவை என்று பொருள். இதையும் யாராவது நகரமாக்கும் முன் சொல்லிவைக்கிறோம். வன்முறை என்ற சொல்லுக்கு அதைவிடத் தகுதியான வரைபடம் அரிது. இருபது பக்கத்தில் பெட்டியின் பெயர் ஒருமுறைகூட இல்லை. கட்டுரை சாட்சிக்கு அழைத்திருப்பது 1824-ல் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் சர்வேயை. அதற்கும் ஆதாரம் ஆவணமல்ல, ஒரு நாடகம்.

அந்த நாடகம், பிரையன் ஃப்ரீலின் ‘டிரான்ஸ்லேஷன்ஸ்’, 1980-ல் டெர்ரியில் அரங்கேறியது. எங்கள் இளமையில் அதைக் கையெழுத்துப் பிரதியாகத் தமிழாக்கி நாலு பேர் சுற்றி உட்கார்ந்து வாசித்திருக்கிறோம். அந்தக் காதல் இன்னும் போகவில்லை. ஆனால் சர்வேயின் வரலாற்றை எழுதிய ஜே. எச். ஆண்ட்ரூஸ், மேடையில் வருவது போன்ற சிப்பாய்கள் ஊரைக் காலிசெய்ய மிரட்டியதில்லை என்று அப்போதே எடுத்துக்காட்டினார். நாடகம் மொழியைப் பற்றியது. அதற்கு அந்தப் பொய்க்கு உரிமை உண்டு. கட்டுரைக்குக் கிடையாது.

நடந்தது வேறு. உள்ளூர் வரிச்சுமையை ஊருக்கு ஊர் நியாயமாகப் பிரிக்கத்தான் மைலுக்கு ஆறு அங்குலத்தில் படம் கேட்டார்கள். எல்லை எங்கே ஓடுகிறது என்பதை அளவையாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. ‘மியர்ஸ்மென்’ என்று ஊர்க்காரர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். இந்த ஓடை வரை, அந்த முள்வேலி வரை என்று அவர்கள் கைகாட்டினார்கள். பெயர்களுக்கு ஜான் ஓ’டோனவன். கில்கெனிக்காரர், ஐரிஷ் தாய்மொழி. 1830-ல் வேலைக்குச் சேர்ந்து பங்கு பங்காக நடந்தார். கிழவர்கள் உச்சரிப்பதைக் கேட்டு, பழைய ஏடுகளோடு ஒப்பிட்டு, ஆங்கில எழுத்தின் பக்கத்திலேயே ஐரிஷ் வடிவத்தையும் குறித்தார். பெரும்பாலான பெயர்கள் அவர் வருவதற்குப் பல தலைமுறை முன்பே ஆங்கிலக் காதுக்கு நசுங்கிப்போனவை. பேரரசின் சம்பளத்தில் ஒரு மனிதன் தன் மொழிக்கு வேலை பார்த்தான். இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று கோட்பாட்டுக்குத் தெரியவில்லை, ஆகவே அவரை விட்டுவிட்டது.

நம் பக்கம் ஒரு நூலிழையும் உண்டு. லஃப் ஃபாயில் கரையில் 1827-ல் அடிக்கோடு அளக்க, சர்வேயின் தலைவர் கால்பி செய்வித்த, வெப்பத்தில் நீளம் மாறாத பித்தளை-இரும்புக் கோல்களின் வகையைத்தான் இந்திய நில அளவைக்காரர் எவரெஸ்ட் இந்தியாவுக்குக் கொண்டுவந்து கல்கத்தாவில் அளந்தார். காலனிய அளவையை ஒப்பிட ஆசைப்பட்டவருக்குக் கையருகே இருந்த செய்தி.

பெயர்களைக் கொன்றவர் யார் என்று கேட்டால் விடை கூச்சமானது. 1840-களின் பஞ்சம் கொன்றது: அதற்கு முந்தைய படத்தில் உறவுக்காரர்களின் வீடுகள் கொத்தாக நிற்கும் இடங்கள் பல, அடுத்த பதிப்பில் வெறும் வயல். மிஞ்சிய கொத்துகளைப் பண்ணையார்களும், பிறகு 1891-ல் வந்த நெரிசல் மாவட்ட வாரியமும் கலைத்து, ஏணிப்படி மாதிரி நீளப் பட்டைகளாக நிலத்தை வெட்டின. கடைசியில் தபால்காரர். 1970-களில் வட அயர்லாந்தில் சாலைக்குப் பெயர், வீட்டுக்கு எண் என்று முகவரியை மாற்றியபோது டவுன்லேண்ட் பெயர் உறையிலிருந்து உதிர்ந்தது. ஃபெர்மனா கவுண்டி மட்டும் முரண்டு பிடித்துப் பெயர்களைக் காப்பாற்றிக்கொண்டது. துப்பாக்கி இல்லாத வன்முறை என்பதாலோ என்னவோ, கட்டுரைகளில் இதற்கு இடமில்லை.

ஃபார்னியிலேயே இன்னிஸ்கீன் பங்கில் மக்கர் என்றொரு டவுன்லேண்ட். பெயரில் பன்றி இருக்கிறது. கவிஞர் பேட்ரிக் கவனா 1904-ல் அங்கே பிறந்தார். பங்குக்காரனும் மாகாணக்காரனும் ஒன்றல்ல என்றார். மாகாணக்காரனுக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது, தலைநகரம் என்ன சொல்கிறது என்று காத்திருப்பான். பங்குக்காரனுக்குத் தன் ஊரின் பெறுமதியில் சந்தேகமே வராது. இதைப் படித்த நாளிலிருந்து ‘வட்டார’ என்று ஒட்டுப்போடும் விருதுக்குழுக்களைக் கண்டால் எங்களுக்கு ஆகாது. ஊரைக் கடந்து நிற்கும் நாவல் என்று பாராட்டுவார்கள். கடந்து எங்கே போனதாம்? பாரிஸுக்கு. மாகாணக்காரன் இன்று மேற்கோளோடு வருகிறான். பாரிஸில் பழசாகிப்போனது இங்கே புதுசாக இறங்குகிறது, அதைப் பொருத்திப் பார்க்க ஓர் ஊர் வேண்டும், தூரத்து ஊராக இருந்தால் இன்னும் நல்லது, யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

கவனாவும் ஒரு சிற்றிதழ் நடத்தினார். 1952-ல், தம்பி பீட்டரின் சேமிப்பில், வாரப் பத்திரிகை. எல்லோரையும் திட்டினார். ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் நின்றது. மொத்தம் பதின்மூன்று இதழ்.

இது நமது பதினோராவது. நமக்குத் தம்பியும் இல்லை. சந்தா முடிந்தவர்களின் உறையில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறோம்.