குளத்தின் ஆழமில்லாத பக்கத்தைப் பறவைகளுக்கு விடுங்கள்

கோவைக் குளங்களில் நீர்ப்பறவை பார்ப்போர், படம் எடுப்போர் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

கோயம்புத்தூர் மாநகராட்சி, வனத்துறை, நீர்வளத்துறை, மீன்வளத்துறைப் பொறுப்பாளர்களுக்கும், மாவட்ட ஆட்சியருக்கும், தினமும் குளக்கரையில் நடக்க வரும் ஊர்மக்களுக்கும்:

கழுத்தில் பைனாகுலரோ கேமராவோ மாட்டிக்கொண்டு, வெயில் ஏறுமுன் குளக்கரையில் வந்து நிற்பவர்கள் நாங்கள். எங்களில் ஆசிரியர் உண்டு, மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் உண்டு, பேக்கரி நடத்துபவர் உண்டு, கல்லூரி மாணவிகள் உண்டு. பதிவு பெற்ற சங்கம் எதுவும் இல்லை. சாசனத்தின் கீழே கையெழுத்துகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

குளங்களுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை என்று குறை சொல்ல வரவில்லை. 2010-ல் நகரத்தின் எட்டுக் குளங்கள் 90 ஆண்டுக் குத்தகையில் மாநகராட்சியின் கைக்கு வந்தன. 2013-ல் உக்கடம் பெரியகுளத்தில் பொதுமக்கள் கூடைகளோடு இறங்கித் தூர்வாரினார்கள். பிறகு ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தது. முன்பு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்தில் இன்று குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து மசால் பொரி சாப்பிடுகிறார்கள். நல்ல விஷயம். எங்கள் வழக்கு வேறு. வேடிக்கை பார்க்க வருகிறவருக்காகக் குளத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டியதில், வேடிக்கைக்குரிய பறவை நிற்க இடமில்லாமல் போகிறது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களில் நாங்களும் சேர்த்தி. அதனால் எங்களுக்கும் சேர்த்தே கட்டுப்பாடு கேட்கிறோம்.

ஆழமில்லாத பக்கம்

நொய்யல் ஆற்றில் அணைக்கட்டு போட்டுத் திருப்பிய தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து, ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்குப் போகும்படி அமைந்தவை இந்தக் குளங்கள். பள்ளமான பக்கத்தில் மட்டும்தான் மண்கரை. மதகு அங்கே இருக்கும், ஆழமும் அங்கேதான். எதிர்ப்பக்கத்தில் கரையே கிடையாது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, சேறாகி, கோரையாகி, வயலோடு போய்ச் சேரும்.

பெரும்பாலான நீர்ப்பறவைகளுக்குக் குளம் என்பது அந்த எதிர்ப்பக்கம்தான். பவளக்கால் உள்ளான் தன் கால் எட்டும் ஆழம்வரைதான் இறங்கும். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் மேயும்போது தலைகீழாகக் கவிழ்ந்து வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடிச்சேறு அலகுக்கு எட்டினால்தான் அவற்றுக்குச் சாப்பாடு. தண்ணீர் ஓரடிக்கு மேல் போனால் கஷ்டம். பட்டாணி உப்புக்கொத்திக்குத் தண்ணீரே தேவையில்லை, ஈரச்சேறு போதும். ஆழத்தில் முங்கிப் பிழைக்கத் தெரிந்தவை நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான் போன்ற சிலதான்.

இந்த அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் தூர்வாரினால் என்ன ஆகிறது? நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணைக் கரையில்லாத பக்கத்தில் கொட்டிப் புதுக்கரை ஆக்குகிறார்கள். அதன்மேல் நடைபாதை, கைப்பிடிக் கம்பி, விளக்கு. குளம் கிண்ணமாகிவிடுகிறது. கொள்ளளவு கூடியதாகக் கோப்பில் எழுதலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் அடுத்த மார்கழியில் அங்கே வாத்து இறங்காது. ஒரு குளத்தில் சேற்றுத்திட்டு இருந்த இடம் இப்போது கருங்கல் பதித்த சரிவு. அதையொட்டிய சுவரில் யாரோ ஓர் ஓவியர் அழகாக அன்னப்பறவைகளும் பஞ்சவர்ணக் கிளிகளும் வரைந்து வைத்திருக்கிறார்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கையும் தலையாய கோரிக்கையும் இதுதான். ஒவ்வொரு குளத்திலும் வாய்க்கால் நுழையும் ஆழமில்லாத பக்கத்தை, சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், கட்டுமானம் இல்லாத பகுதியாக வரைபடத்தில் குறித்து அறிவியுங்கள். பாதை போட்டு முடித்துவிட்ட குளங்களில், வலசைப் பறவைகள் தங்கும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலாவது அந்தப் பக்கத்துப் பாதையை மூடுங்கள். நடக்க வருகிறவர்களுக்கு மீதிக் கரை இருக்கிறது; நடக்கும் தூரம் குறைகிறதென்றால் ஒரு சுற்றுக்குப் பதிலாக இரண்டு முறை போய் வரட்டும். இனி விடும் தூர்வாரும் ஒப்பந்தங்களில் சரிவு மெதுவாக இறங்க வேண்டும் என்பதும், நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கும் திட்டுகளைத் தொடக்கூடாது என்பதும் நிபந்தனையாக இருக்கட்டும். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வக்காவும் அடைவதும், வாய்ப்பு இருந்தால் கூடு வைப்பதும் அந்த முள்மரங்களில்தான். பொக்லைன் இறங்குவதற்கு முன் கூடுகள் இருக்கின்றனவா என்று பார்த்துத் தர எங்களில் ஆள் இருக்கிறது. கூலி வேண்டாம், தகவல் சொன்னால் போதும்.

சட்டத்தில் உள்ள ஓட்டை

2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் நல்ல விதிகள். அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தில் குப்பை கொட்டக் கூடாது, சுத்திகரிக்காத கழிவுநீர் விடக் கூடாது, வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. ஆனால் அதே விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைக்கின்றன. தமிழ்நாட்டில் ஏரி, குளம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பாசனத்துக்கென வெட்டியதுதான். ஆக, எந்தக் குளத்தைக் காட்டினாலும் ‘இது ஈரநிலம் இல்லை’ என்று சொல்ல வழி இருக்கிறது.

வேடந்தாங்கல் பாசன ஏரிதான். திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளமும் அப்படித்தான். நமக்குப் பக்கத்தில், நொய்யலில் சேரும் நல்லாற்றுத் தண்ணீரில் நிறையும் திருப்பூர் நஞ்சராயன் குளமும் அதே வகைதான். சரணாலயம் என்று அறிவித்ததால் அவற்றுக்குக் காவல் கிடைத்தது. மூன்றும் இன்று பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன, நஞ்சராயன் 2024-ல் சேர்ந்தது. நஞ்சராயனுக்கு முடிந்தது பெரியகுளத்துக்கும் சிங்காநல்லூருக்கும் ஏன் முடியாது?

சிங்காநல்லூர்க் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம் என்று மாநகராட்சி 2017-ல் அறிவித்தபோது மகிழ்ந்தோம். அந்த அறிவிப்பு ஒரு தீர்மானத்தோடு நிற்காமல் அரசிதழில் வர வேண்டும். சரணாலயம் ஆக்கினால் மீன்பிடிப்பவர்களுக்கும் பாசனக்காரர்களுக்கும் இடைஞ்சல் வரும் என்ற தயக்கம் நியாயமானது. அதற்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே வழி உண்டு: 2002 திருத்தத்தில் சேர்ந்த 36ஏ பிரிவின்கீழ், உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்து, அரசு நிலத்தைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கலாம். எங்களுக்கு அது போதும்.

இப்படிக் கேட்பது புது வழக்கமும் இல்லை. வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடாமலிருக்க அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கியது 1798-ல். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீர், வலை, படகு

கழிவுநீரைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். சுத்திகரிக்காமல் ஒரு சொட்டும் குளத்துக்குள் விடாதீர்கள். ஆகாயத்தாமரையை எடுங்கள், ஆனால் கோரையையும் சம்பையும் சேர்த்து வழித்துவிடாதீர்கள். நீலத் தாழைக்கோழி குஞ்சு பொரிப்பது அங்கேதான்.

மீன்பிடிப்பவர்கள் எங்களுக்கு எதிரிகள் அல்ல. எந்தப் புதரில் எந்தப் பறவை கூடு வைத்திருக்கிறது என்று எங்களுக்கு முதலில் சொல்வது பரிசல்காரர்தான். அறுந்துபோன நரம்பு வலையைத் தண்ணீரிலேயே விடுவதுதான் வினை: முங்கி மீன் தேடும் பாம்புத்தாராவும் நீர்க்காகமும் அதில் மாட்டி மூச்சுமுட்டிச் சாகின்றன. பழைய வலையைக் கரையில் எடைபோட்டு வாங்கிக்கொள்ள மீன்வளத்துறை ஏற்பாடு செய்தால் யார் அதைத் தண்ணீரில் விடப் போகிறார்கள்?

படகு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முக்குளிப்பான் கூடு கட்டுவது மரத்தில் இல்லை, தண்ணீர்மேல். பாசியும் அழுகிய தண்டுமாகக் குவித்து, ஏதாவது ஒரு செடியோடு மாட்டி வைத்திருக்கும். ஆள் நெருங்கினால் எழுந்து ஓடிவிடாது. அலகால் ஈரப்பாசியை அவசர அவசரமாக இழுத்து முட்டைகளின்மேல் போட்டு மூடிவிட்டு, சத்தமில்லாமல் முங்கி வேறெங்கோ எழும். வெள்ளையாக இட்ட முட்டை இப்படி மூடி மூடியே சாயமேறிப் பழுப்பாகிவிடும். காகத்தையும் பருந்தையும் ஏமாற்ற இது போதும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மிதிபடகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தால் அது எத்தனை முறை மூடும், எப்போது அடைகாக்கும்? படகை நிறுத்தச் சொல்லவில்லை. மதகுப் பக்கத்து ஆழத்தில் மிதவைக் கயிறு கட்டி, அதற்குள் ஓட்டுங்கள். மோட்டார் படகு வேண்டாம், அதன் அலையே கூட்டை நனைத்துவிடும்.

விளக்கு, ஒலிபெருக்கி, கலர் புகை

வக்கா இருட்டும் நேரத்தில் வேலைக்குக் கிளம்பும் பறவை. அதன் மரத்தின்மேல் நிறம் மாறும் விளக்கை இரவெல்லாம் அடித்தால் அதற்கு இருட்டுவதே இல்லை. நடைபாதைக்கு வெளிச்சம் வேண்டும், மறுக்கவில்லை. முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்து இருக்கட்டும். தண்ணீரையும் மரத்தையும் பார்க்கும் விளக்குகளை இரவு ஒன்பது மணிக்கு அணையுங்கள். குளக்கரையில் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் அனுமதி தராதீர்கள். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பில் கலர் புகை போடுவதும் பறவைக் கூட்டத்தின்மேல் ட்ரோன் விடுவதும் தடை செய்யப்பட வேண்டும். மாப்பிள்ளை–பெண் படம் எடுக்க நகரத்தில் வேறு இடங்கள் ஏராளம்.

எங்களுக்கு நாங்களே கேட்கும் கட்டு

கேமரா விலை இறங்கியதில் எங்கள் கூட்டம் பெருகிவிட்டது. நல்லவர்களும் வந்தார்கள், பொறுமையில்லாதவர்களும் வந்தார்கள். கரையோரம் இளைப்பாறிய கூழைக்கடாக் கூட்டத்தைப் பறக்கும் கோலத்தில் எடுக்க வேண்டும் என்று ஒருவர் கல் எறிந்தது எங்கள் கண்முன்தான் நடந்தது. கனத்த உடம்புள்ள பறவை அது. வெயில் ஏறி அனல்காற்று கிளம்பிய பிறகு அதில் மிதந்து வட்டமடித்தபடியே உயரும். காலையில் விரட்டினால் தண்ணீரை உதைத்து, சிறகடித்தே தன்னைத் தூக்கியாக வேண்டும். கிடைத்த படமும் சுமார்தான், எல்லாப் பறவையும் முதுகைக் காட்டிக்கொண்டு போகின்றன.

ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். மண்ணின் நிறத்தில் கரும்புள்ளிகளோடு நான்கு முட்டைகள் இருக்கும், பார்த்துக்கொண்டே மிதித்துவிடலாம். தாய்ப்பறவை தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றுவதையே சிலர் ‘ஆக்‌ஷன் ஷாட்’ என்று எடுக்கிறார்கள். வனவிலங்குச் சட்டம் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டை என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. துப்பாக்கி இருந்தால்தான் வேட்டை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைக் கரையிலேயே பலகை வைத்துச் சொல்லுங்கள்.

இந்தச் சாசனத்தில் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்வது: கூட்டின் அருகே போகமாட்டோம், கூடு இருக்கும் இடத்தைக் குஞ்சுகள் வெளியேறும்வரை யாருக்கும் சொல்லமாட்டோம். செல்போனில் பறவைக் குரல் போட்டு அழைக்கமாட்டோம். இரவில் ஃபிளாஷ் அடிக்கமாட்டோம். மீனைத் தொட்டியில் விட்டு மீன்கொத்தியை வரவழைக்கமாட்டோம். பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அதற்குமேல் ஓரடி வைக்கமாட்டோம். மீறுகிறவரை முதலில் நாங்களே சொல்லித் திருத்தப் பார்ப்போம். கேட்காவிட்டால் வனத்துறையில் புகார் கொடுப்போம், அவர் எங்கள் நண்பராக இருந்தாலும்.

எங்களுக்கு வேண்டியவை

குளத்துக்கு ஒன்றாக, மூங்கில் தட்டியோ தென்னந்தட்டியோ வைத்த மறைவிடம் போதும். கான்கிரீட் கோபுரம் வேண்டாம். உயரத்திலிருந்து எடுத்தால் பறவையின் முதுகுதான் படத்தில் விழும். தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில், காலை வெயில் முதுகில் படும்படி கிழக்குக் கரையில் இருக்கட்டும். பார்க்கும் துளைகளைக் குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் எட்டும் உயரத்திலும் வையுங்கள்.

குளக்கரைக் கதவைக் காலை ஐந்தரை மணிக்குத் திறந்துவிடுங்கள். ஏழு மணிக்குத் திறந்தால் பாதிப் பறவைகள் மேய்ச்சலுக்குப் போயிருக்கும். பெண்களுக்குக் கழிப்பறையும் அந்த நேரத்திலேயே திறந்திருக்க வேண்டும். இது இல்லாததாலேயே வராமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். செல்போனில் எதை எடுத்தாலும் கேட்பதில்லை, நீள லென்ஸ் மாட்டினால் மட்டும் ‘பர்மிஷன் இருக்கா’ என்கிறார்கள். கட்டணமும் காவலருக்குக் காவலர் மாறுகிறது. ஒரே விதி, ஒரே கட்டணம், அதற்கு ரசீது, மாணவர்களுக்கு இலவசம் என்று எழுதி ஒட்டுங்கள். அரசுப் பள்ளிகள் எடுத்துப் போய்த் திருப்பித் தரும்படி ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் சில பைனாகுலர்கள் வாங்கி வையுங்கள்.

ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் வனத்துறையின் ஈரநிலக் கணக்கெடுப்பிலும் எங்களில் பலர் எண்ணித் தருகிறோம். குளம்வாரியான முடிவுகளைத் தமிழில், அந்தந்தக் குளக்கரையில், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுதி வையுங்கள். எங்கள் படங்களை விளம்பரப் பலகையில் போடுவதென்றால் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வோம்.

கடைசியாக, குளத்துக்கு ஒரு குழு. பாசனக்காரர், மீன்பிடிப்பவர், பக்கத்துத் தெரு மக்கள், பறவை பார்ப்போர், நான்கு துறை அலுவலர்கள் இதில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, நடவடிக்கைக் குறிப்பைப் பொதுவில் வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முதல் கூட்டத்தை நடத்துங்கள். எந்தக் குளத்தில் எந்தப் பக்கத்தை விட வேண்டும் என்று குறித்த வரைபடங்களை இத்துடன் இணைத்திருக்கிறோம். ஏற்க முடியாத கோரிக்கை இருந்தால் காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள். அதற்கு எங்கள் பதிலையும் எழுத்திலேயே தருவோம்.