சாட்சியாக நடப்பவன்: மறக்கப்பட்ட ஒரு கணினி விளையாட்டு

கணினி விளையாட்டுகளைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசத் தொடங்கினால் ஒரு மெல்லிய ஏளனப் புன்னகையே பதிலாகக் கிடைக்கிறது. சுடுவதும் ஓடுவதும் அன்றி அவற்றில் வேறொன்றும் இல்லை என்பது நம் முன்முடிவு. அதை மறுபரிசீலனை செய்ய 1985இல் வெளிவந்த ‘எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்’ ஒன்றே போதும் என்று கருதுகிறோம்.

அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக இதை எழுதியவர் ஸ்டீவ் மெரெட்ஸ்கி. நியூட்டனின் சிலையைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் எழுதிய வரியிலிருந்து தலைப்பு வந்தது. படங்கள் இல்லை, திரையில் உரைநடை மட்டும். ‘வடக்கே போ’, ‘கதவைத் திற’ என நாம் தட்டச்சு செய்யச் செய்ய அடுத்த பத்தி விரிகிறது.

கதை நிகழும் ஆண்டு 2031. பெரி சிம் என்னும் இளைஞன், தான் பிரிசம் என்ற செயற்கை அறிவு என்றும், வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் கணிப்பொறிக்குள் நிகழ்ந்த பாவனை என்றும் அறிகிறான். சரிந்துகொண்டிருக்கும் நாட்டை மீட்க ரைடர் என்ற செனட்டர் ஒரு திட்டத்தை முன்வைக்கிறார். அதன் விளைவுகளைப் பாவனை நகரமான ராக்விலுக்குள் சென்று பார்த்துப் பதிவு செய்வதே பெரியின் பணி.

2041இல் நகரம் செழிப்பாகவே தோன்றுகிறது. பிறகு பத்துப் பத்தாண்டுகளாகத் தாவி 2081 வரை அதே தெருக்களில் நடக்கிறோம். காவலர்கள் வீடு புகுந்து சோதனையிடுகிறார்கள். மத அமைப்பொன்றில் சேர்ந்த மகன் பெற்ற தாயையே காட்டிக்கொடுக்கிறான். கட்டளையிடும் உரிமை நம் விரல்நுனியில் இருந்தும் அவளைக் காப்பாற்றும் சொல் எதுவும் நம்மிடம் இல்லை. நாவலில் முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று அறிந்தே வாசிக்கிறோம். இங்கோ, ஏதாவது செய்ய முடியும் என்று நம்பித் தட்டச்சு செய்து தோற்கிறோம். இந்தக் கையறுநிலையை அச்சிட்ட பக்கம் இவ்விதமாகத் தருவதில்லை.

குறைகளும் உண்டு. 1984இல் ரீகன் மீண்டும் வென்றதற்கான எதிர்வினையாகவே மெரெட்ஸ்கி இதை எழுதினார். ஆகவே அரசியல் ஒற்றைப்படையாக, தீமை நேர்கோட்டில் வளர்கிறது. இறுதியில் கிடைக்கும் ஆறுதலும் சற்று எளிதாகவே வந்துவிடுகிறது.

ஆனால் இது புறக்கணிக்கப்பட்டதற்குக் காரணம் இக்குறைகள் அல்ல. 128 கே நினைவகம் இதற்குத் தேவைப்பட்டது. பல வீடுகளில் இருந்த கமடோர் 64இல் இருந்ததோ 64 கே. அதற்கு முந்தைய ஆண்டுதான் டக்ளஸ் ஆடம்ஸுடன் சேர்ந்து மெரெட்ஸ்கி உருவாக்கிய நகைச்சுவை விளையாட்டு பெருவெற்றி பெற்றிருந்தது. புதிர்களை எதிர்பார்த்து வந்த ரசிகர்களுக்கு, புதிர்கள் ஏறக்குறைய இல்லாத இப்படைப்பு அந்நியமாக இருந்தது. 1986இல் இன்ஃபோகாமை ஆக்டிவிஷன் வாங்கியது; 1989இல் அதன் அலுவலகம் மூடப்பட்டது.

2019இல் இன்ஃபோகாம் விளையாட்டுகளின் மூலநிரல்கள் இணையத்தில் வெளியாயின. கதையின் 2031ஆம் ஆண்டோ இதோ நெருங்கிவிட்டது. எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லும்படி இயந்திரங்களை நாம் கேட்கத் தொடங்கிவிட்டோம். மெரெட்ஸ்கியின் இயந்திரம் வெறும் கணக்கைத் தரவில்லை. அந்த எதிர்காலத்துக்குள் வாழ்ந்து, மனைவியை இழந்து திரும்பி வந்து சாட்சி சொல்கிறது. கணிப்புக்கும் சாட்சியத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை உணர்த்தும் எழுத்தை இலக்கியம் என்றே நாம் அழைத்துவந்திருக்கிறோம். அது திரையில் நகர்கிறது என்பதற்காக மட்டும் வேறு பெயர் தேட வேண்டியதில்லை.