படித்துறைத் துணியும் பிரவுசிங் சென்டர் கோப்பும்

பாபநாசம் படித்துறையில் பரிகாரம் முடித்த பலர் உடுத்திய துணியைத் தாமிரபரணியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பிறகு தன்னார்வலர்கள் இறங்கி அள்ளுகிறார்கள். விடுபவர் ஒருவர், அள்ளுபவர் வேறொருவர்.

பிரவுசிங் சென்டர் கணினியிலும் இதே கதைதான். பிரிண்ட் எடுக்க இறக்கிய ஆதாரும் மதிப்பெண் சான்றிதழும், மாணவர் பஸ் ஏறிய பின்னும் டவுன்லோட்ஸில் கிடக்கும்.

விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த ஸ்டோரேஜ் சென்ஸ் தற்காலிகக் கோப்புகளைத் தானே நீக்கும். ஆனால் நாமாக அமைப்பை மாற்றாதவரை டவுன்லோட்ஸைத் தொடாது. அதுவும் பின்னால் வந்து அள்ளும் வேலையே.

கோப்பை உருவாக்கிய நிரலே அதை அழிக்க வேண்டும். பைத்தான் மொழியில் 3.2 பதிப்பு முதலே இதற்கு வழி உண்டு: தற்காலிக ஃபோல்டரை ‘வித்’ கட்டளைக்குள் திறந்தால், வேலை முடிந்தாலும் நடுவில் பிழை வந்தாலும் ஃபோல்டர் நீங்கிவிடும். கரண்ட் போனால் மிச்சம் தங்கலாம். அதைக் கணினி மறுபடி கிளம்பும்போது துடைக்கலாம்.

நோக்கம் முடிந்த தனிநபர் தரவை அழிக்கச் சொல்கிறது 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நெல்லையில் பிரவுசிங் சென்டர் நடத்துவோர், வாடிக்கையாளர் எழுந்ததும் கோப்புகள் தானாக அழியும் ஏற்பாட்டை இன்றே செய்துவிடலாம்.