குளிர்கிறது என்றால் நம்புங்கள்

“காயல்பட்டினத்தில் குளிரா? இதென்ன ஊட்டியா, கொடைக்கானலா?” என்று கேட்டு நகைப்பது நம் ஊர் வழக்கம். வகுப்பில் ஒருத்தி மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் அவளுக்கு ‘நாடகக்காரி’ என்று பெயர் வந்துவிடுகிறது. மார்கழி வாடையில் காதைச் சுற்றித் துண்டு கட்டும் பாட்டியைக் கண்டாலும் சிரிப்புத்தான். இந்தச் சிரிப்பு ஆகாது என்பதே எங்கள் கருத்து. ஏனெனில், குளிரைக் கண்டால் இரத்தமே தன்னை அழித்துக்கொள்ளும் ஒரு நோய் உலகில் உண்டு.

‘கோல்டு அக்லுட்டினின்’ நோய் என்று மருத்துவர்கள் அதனை அழைக்கின்றனர். கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்களுள் ஒரு வகை, வழி தவறி நமது சிவப்பணுக்களின் மீதே ஒட்டிக்கொள்கிறது. உடல் வெப்பமாகிய 37 டிகிரியில் அது அநேகமாகச் சும்மா இருக்கும். இரத்தம் விரல் நுனி, காது மடல், மூக்கு நுனி ஆகிய குளிர்ந்த ஓரங்களுக்குச் செல்லும்போதுதான் அதன் வேலை தொடங்குகிறது. சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகின்றன. விரல்கள் நீலம் பாய்கின்றன. இரத்தம் மீண்டும் உடலின் நடுவே வந்து சூடானதும் எதிர்ப்பொருள் கழன்றுவிடும். ஆனால் அது அழைத்து வந்த ‘காம்ப்ளிமென்ட்’ என்னும் புரதம் அணுவின் மேல் முத்திரைபோல் பதிந்து நிற்கும். முத்திரை பெற்ற அணுக்களைக் கல்லீரல் பிடித்து அழிக்கிறது. பிறகென்ன? வெளுப்பு, ஓயாத களைப்பு, கண்ணில் மஞ்சள், சில வேளை கருத்த சிறுநீர்.

இது மிக அரிய நோய். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியோருக்கே வருகிறது. குளிர் நாடாகிய நார்வேயைவிட வட இத்தாலியில் இந்நோயாளிகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அப்படியானால் வெயில் காயும் நமக்கு என்ன கவலை என்று கேட்கலாம். குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு. இவ்வகை எதிர்ப்பொருள் சிறிதளவு எல்லோருடைய இரத்தத்திலும் உண்டு. 4 டிகிரி போன்ற கடுங்குளிரில் மட்டும் வேலை செய்வதால் அதனால் தீங்கில்லை. நோயாளியிடமோ அது 28, 30 டிகிரியிலேயே விழித்துக்கொள்ளும். குளிர்பதன அறை, ஐஸ் தண்ணீர், ஈரப் பாவாடை, இவை விரலை அந்த அளவுக்குக் குளிர்விக்கப் போதாதா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை! செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த பயணிகள் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வெள்ளத்தின் நடுவே சிக்கித் தவித்தார்கள். தாமிரபரணிக் கரையில் எத்தனை பேர் நனைந்த உடையோடு இரவைக் கழித்தனர்! அந்த நாட்களில் “இங்கே ஏது குளிர்?” என்று கேட்க யாருக்குத் துணிவு வந்திருக்கும்?

குழந்தைகளுக்கும் இதற்கு உறவான ஒரு நோய் வருவதுண்டு. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் குளிர் பட்டதும் சிறுநீர் கருஞ்சிவப்பாகும். பெரும்பாலும் சில வாரங்களில் தானே நீங்கிவிடும். இதன் மர்மத்தை 1904-இல் வியன்னாவில் அவிழ்த்தவர்கள் டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்னும் இருவர். (இரத்த வகைகளைக் கண்டறிந்து 1930-இல் நோபல் பரிசு பெற்ற லாண்ட்ஸ்டைனர்தான் இவர்.) நோயாளியின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து முதலில் குளிர்வித்தார்கள், பிறகு சூடாக்கினார்கள். அணுக்கள் உடைந்து குழாய் சிவந்தது. “குளிர்ந்தால் எனக்கு இப்படி ஆகிறது” என்ற நோயாளியின் சொல்லுக்கு அந்தக் குழாய் சாட்சி சொல்லிற்று.

இன்றைய பரிசோதனைக் கூடத்திலும் இதே கதைதான். ஒட்டிக்கொண்ட அணுக்களை இயந்திரம் ஒன்றாக எண்ணிவிடுவதால், சிவப்பணுக் கணக்கு நம்ப முடியாத அளவு குறைந்து காட்டும். அனுபவமுள்ள பரிசோதகர் குழாயை 37 டிகிரிக்குச் சூடாக்கி மறுபடி எண்ணுவார், கணக்கு நேராகும். இயந்திரத்தை மட்டும் நம்புகிறவர் இங்கே ஏமாறுவார்.

வெளுத்த பெண் என்றால் உடனே இரும்புச்சத்து மாத்திரை. பெரும்பாலோருக்கு அது சரியான மருந்துதான்; பள்ளியில் தரும் மாத்திரையை யாரும் ஒதுக்க வேண்டாம். ஆயினும் மாத்திரை தின்றும் வெளுப்புத் தீராதவளை, கண் மஞ்சளாகிறவளை, நீண்ட இருமலுக்குப் பின் சிறுநீர் கறுக்கிறது என்பவளை, ‘சோம்பேறி’ என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். குளிர் தானாக இந்நோயை உண்டாக்குவதில்லை, தூண்டிவிடுகிறது. ஐஸ் தின்றதால்தான் வந்தது என்று தாய்மார் பிள்ளையைத் திட்டுவதில் பொருளில்லை.

நாங்கள் கேட்பது சிறிய சலுகைதான். குளிர் தாங்காது என்று சொல்லும் மாணவிக்குச் சீருடையின் மேல் ஸ்வெட்டர் அணியவும், மின்விசிறிக்கு அப்பால் அமரவும், வெந்நீர் கொண்டுவரவும் கேள்வி கேட்காமல் அனுமதி தர வேண்டும். “ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே” என்று அருட்சகோதரியர் தயங்கலாம். அன்புச் சகோதரிகளே, சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை போட ஆசைப்பட்டு உங்கள் வாசலில் வரிசையில் நிற்கப்போகிறவர் யார்?

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்நோய் உள்ளவருக்கு அறுவை சிகிச்சையோ இரத்தம் ஏற்றுவதோ நேர்ந்தால், மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இரத்த வங்கியில் 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்திருக்கும் இரத்தத்தை அவருக்கு வெதுவெதுப்பாக்கித்தான் ஏற்ற வேண்டும்.